மூணு நூல்

பதிவு எழுதி மாசக்கணக்காகிறது. வேலை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், அப்புறம் கொஞ்சம் சோம்பேறித்தனம். வழக்கமான சாக்குகள்தான். டிசம்பர் லீவில் ஊருக்குப் போய் மூன்று வாரம் இருந்துவிட்டு வந்தேன். அதில் ஐந்து நாள் ஒரு பழைய மரப் பெஞ்சோடு மல்லுக்கட்டினேன். அந்தக் கதைதான் இது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதில் ரவுட்டர் என்று வருவது வீட்டு மூலையில் பச்சை விளக்கு மினுக்கும் வைஃபை பெட்டி இல்லை. மரம் செதுக்கும் மெஷின். மோட்டாரின் நுனியில் ஒரு பிட் சுற்றும், கீழே இருக்கும் மரத்தைத் தின்றுகொண்டே போகும். பிரிஸ்பேனில் வந்த புதிதில் இதை 'ரூட்டர்' என்று உச்சரித்து ஆபீசில் எல்லோரையும் சிரிக்க வைத்திருக்கிறேன். ஏன் சிரித்தார்கள் என்று கேட்காதீர்கள், இது குடும்பத்தோடு படிக்கிற பக்கம் :-)

சரி, விஷயத்துக்கு வருவோம்.

எங்கள் சொந்த ஊர் கொழிஞ்சாம்பாறை பக்கம். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. ரேஷன் கார்டு மலையாளத்தில் இருக்கும், சண்டை தமிழில் நடக்கும். ஆனால் நான் வளர்ந்தது இடுக்கி மாவட்டத்தில், மூணாறுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில். அப்பா அங்கே தச்சு வேலை. லயத்துக் கதவு, ஜன்னல், பாக்டரியில் உடைகிற மரச் சாமான், பிள்ளைக் காப்பகத்துத் தொட்டில், எல்லாம் அவர் கைதான். 1969-ல் அங்கே அவர் தனக்காகச் செய்துகொண்ட பெஞ்சு இது. ஆறடி நீளம், இரண்டடி அகலம், மேல்பலகை மூன்று அங்குல கனம். இரண்டு பலகைகளை மர ஆணி அடித்துச் சேர்த்தது. மரம் சில்வர் ஓக்.

தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில் நெட்டையாக நிற்குமே, நிழலுக்காக வளர்ப்பது, அதே மரம்தான். சின்ன வயசில் அதை எங்கள் மலை மரம் என்றே நினைத்திருந்தேன். வேலை கிடைத்து பிரிஸ்பேன் வந்த முதல் அக்டோபரில் தெருவோரத்தில் ஒரு மரம் ஆரஞ்சும் மஞ்சளுமாகப் பூத்து நின்றது. இலையைப் பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டது. நம்ம ஆள்! விசாரித்தால் இதன் பூர்வீகமே குவீன்ஸ்லாந்தும் அதற்குத் தெற்கே இருக்கிற கடலோரமும்தான். இங்கே சில்க்கி ஓக் என்கிறார்கள். நூறு வருஷத்துக்கு முந்தைய குவீன்ஸ்லாந்து வீட்டுச் சாமான்களில் பாதி இதில் செய்ததாக இருக்கும். மரம் இங்கிருந்து அங்கே போயிருக்கிறது, நான் அங்கிருந்து இங்கே வந்திருக்கிறேன்.

1994-ல் அப்பா ரிட்டயர் ஆனார். குறிஞ்சி பூத்த வருஷம், அதனால் மறக்காது. ரிட்டயர் ஆனால் லயத்தைக் காலி செய்ய வேண்டும். தட்டுமுட்டுச் சாமானோடு பெஞ்சையும் லாரியில் ஏற்றி, மறையூர், சின்னாறு, உடுமலை, பொள்ளாச்சி, கோபாலபுரம் வழியாக ஊருக்கு வந்தோம். கேரளாவிலிருந்து கேரளாவுக்குப் போகத் தமிழ்நாட்டைத் தாண்ட வேண்டியிருந்தது! சின்னாறில் லாரியை நிறுத்தினார்கள். மறையூர் சந்தனக் காட்டு வழியாக வருகிற வண்டி, மேலே இத்தனை கனத்தில் ஒரு மரம். சந்தேகப்படாமல் என்ன செய்வார்கள்? அப்பா ஒன்றும் பேசவில்லை. இழைப்புளியை எடுத்து பெஞ்சின் அடிப்பக்கம் ஒரு இழை இழைத்து, அந்தச் சுருளை கார்டு கையில் கொடுத்தார். அவர் மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். விட்டுவிட்டார்கள்.

வழியில் பிழைத்த பெஞ்சு ஊருக்கு வந்துதான் கெட்டது. மூணாறு எப்போதும் ஈரம். கொழிஞ்சாம்பாறையோ பாலக்காட்டுக் கணவாயின் வாயில் இருக்கிற ஊர். மலைத்தொடரில் 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்கு இடைவெளி, அதன் வழியாகக் காற்று அள்ளிக்கொண்டு வரும். வெயிலில் தரை வெடிக்கும். ஈரத்திலேயே இருந்த மரம் இங்கே வந்து காய ஆரம்பித்தது. மரம் காயும்போது எல்லாப் பக்கமும் ஒரே அளவு சுருங்காது. வருட வளையத்தை ஒட்டிய திசையில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளியே போகிற திசையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால்தான் பலகை கிண்ணம் மாதிரி குழிகிறது. எங்கள் பெஞ்சில் இரண்டு பலகையும் தனித்தனியாகக் குழிந்து, போதாததற்கு ஒரு மூலை முறுக்கிக்கொண்டு மேலே தூக்கியிருந்தது. முப்பது வருஷம் மாட்டுக்கொட்டகையில் கிடந்தால் வேறென்ன ஆகும்!

இப்போது அது ஏன் வேண்டும்? அக்கா மகன் ஐடிஐ முடித்துவிட்டு மர வேலைதான் செய்வேன் என்கிறான். அப்பாவுக்கு வயது தொண்ணூறை நெருங்குகிறது, பார்வை மங்கல், கை நடுக்கம். ஆனால் பேரன் சொன்னதைக் கேட்டதும் அவருக்கு ஒரே குறி. "அந்தப் பெஞ்சை மட்டம் பண்ணிக் குடுத்துடோணும்."

இழைப்புளியால் செய்ய வேண்டுமென்றால் எனக்கு ஒரு மாசம் ஆகும், இடுப்பும் போய்விடும். பிரிஸ்பேன் வீட்டுக் கராஜில் எனக்கென்று ஒரு பெஞ்சை ரவுட்டரால் மட்டம் செய்த அனுபவம் இருந்ததால், 45 மில்லிமீட்டர் அகலப் பிட் ஒன்றைத் துணிக்கு நடுவில் சுருட்டிக் கொண்டுபோயிருந்தேன். மெஷினை பக்கத்தில் கதவு செய்கிற பட்டறைக்காரர் கொடுத்தார். அவருடைய மெஷினின் பிடி 12 மில்லிமீட்டர், என் பிட்டின் காம்பு அரை இஞ்ச், அதாவது 12.7. முக்கால் மில்லிமீட்டர் கூட இல்லை, ஆனால் உள்ளே போகாது. அரை இஞ்ச் பிடி ஒன்று வாங்க கோயம்புத்தூர் போய்வந்ததில் ஒரு நாள் காலி.

முறை ரொம்ப எளிது. பெஞ்சின் இரண்டு நீளப் பக்கத்திலும் இரண்டு நேரான தண்டவாளம். அவற்றின் மேல் குறுக்கே ஒரு பாலம் மாதிரி தொட்டி. தொட்டிக்குள் ரவுட்டர் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்வரும். மரம் எப்படி வளைந்திருந்தாலும் கவலையில்லை, பிட் தண்டவாளத்தைத்தான் பின்பற்றும். ஆகவே தண்டவாளம் சரியாக இருந்தால் பெஞ்சும் சரி. தண்டவாளம் முறுக்கியிருந்தால் அதே முறுக்கு பெஞ்சிலும் அச்சாக விழும்.

தண்டவாளத்துக்கு, கொத்தனார்கள் பூச்சு வேலைக்கு வைக்கிற அலுமினிய மட்டக்கட்டை இரண்டை இரவல் வாங்கி, கிளாம்ப் போட்டு இறுக்கினேன். ரசமட்டம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வேப்ப மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அப்பா, "நூலைக் கட்டு கண்ணு" என்றார். மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு நூல். நடுவில் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். இடைவெளி தெரிந்தாலோ, ஒன்று மற்றதை அழுத்தினாலோ முறுக்கு இருக்கிறது. அப்புறம் மேல் நூலைக் கீழே, கீழ் நூலை மேலே மாற்றிப் போட்டு இன்னொரு தடவை பார்க்க வேண்டும். பைசா செலவில்லை. ரசமட்டம் சரி என்று சொன்ன இடத்தில் நூல் இரண்டு மில்லிமீட்டர் பிழை காட்டியது.

அடுத்து ஆணி. "நாலு ஆணி இருக்கும்" என்றார். பழைய ரேடியோ ஸ்பீக்கரின் காந்தத்தைக் கயிற்றில் கட்டிப் பலகை மேல் மெதுவாக இழுத்தால், ஆணி இருக்கிற இடத்தில் காந்தம் தயங்கும். மூன்றைக் கண்டுபிடித்துப் பிடுங்கினேன். நாலாவது கிடைக்கவில்லை. அப்பாவுக்கு ஞாபகப் பிசகு என்று நினைத்துக்கொண்டேன்.

பிட் கொஞ்சம் பெரியது என்பதால் வேகத்தைக் குறைத்து வைக்க வேண்டும். சும்மா ஒரு கணக்கு: 45 மில்லிமீட்டர் பிட் நிமிஷத்துக்கு 24,000 சுற்று சுற்றினால் அதன் ஓரம் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. 12,000-ல் வைத்தால் 100. அதுவே போதும், கையைக் கால் கிட்டே வைத்துக்கொண்டு எதற்கு விஷப்பரீட்சை?

ஒரு தடவைக்கு ஒன்றரை மில்லிமீட்டர் ஆழம். குறுக்கே ஒரு வரி, 40 மில்லிமீட்டர் நகர்த்தி அடுத்த வரி. ஆறடிக்கு 45 வரி. முகமூடி, காதடைப்பு எல்லாம் மாட்டிக்கொண்டு முதல் சுற்றை முடித்துவிட்டு நிமிர்ந்தபோது, நானே விஸ்வகர்மா என்கிற நினைப்பு.

அப்பா எழுந்து வந்தார். பேரன் தோளைப் பிடித்துக்கொண்டு, உள்ளங்கையைப் பெஞ்சின் குறுக்கே ஒரு தடவை ஓட்டினார். "நடுவுல குழிஞ்சிருக்குது." மட்டக்கட்டையை வைத்து மறுபக்கம் டார்ச் அடித்துப் பார்த்தேன். நடுவில் ஒரு மில்லிமீட்டர் வெளிச்சம். கண் தெரியாத மனுஷன் கையால் பார்த்துவிட்டார்!

காரணம் தொட்டி. அதன் அடிக்கு நான் போட்டிருந்த பிளைவுட், மெஷின் கனத்திலும் என் கை அழுத்தத்திலும் நடுவில் தொய்ந்திருக்கிறது. "பலகையைப் படுக்க வெச்சா தொங்கத்தான் தொங்கும். நிக்க வெய்யி" என்றார். இரண்டு மூன்றங்குலச் சட்டங்களை நிமிர்த்தி வைத்து தொட்டியின் இரு பக்கமும் முடுக்கினோம். பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 19 மில்லிமீட்டர் கனமும் 75 மில்லிமீட்டர் அகலமும் உள்ள சட்டத்தைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வைத்தால் வளையாத பலம் 15 மடங்குக்கு மேல். நான் இஞ்சினியரிங் காலேஜில் நாலு வருஷம் படித்த சமாச்சாரம். பரீட்சையில் எழுதினேன், தொட்டி செய்யும்போது மறந்துவிட்டேன்.

இனிமேல்தான் நான் எழுத நினைத்த விஷயம்.

பெஞ்சின் மேல் நிறைய அடையாளங்கள் இருந்தன. வஜ்ரம் காய்ச்சின சட்டியை இறக்கி வைத்துக் கருகின வட்டம். ரம்பம் பட்ட கீறல்கள். முன்பக்க விளிம்பில் அரத்தால் போட்ட நாலு வெட்டு. அவை அப்பாவின் நிரந்தர அளவுகள். ஒன்று ஜன்னல் சட்டத்துக்கு, ஒன்று கதவின் குறுக்குச் சட்டத்துக்கு, ஒன்று தொட்டிலுக்கு. பலகையை வைத்து வெட்டுக்கு நேரே கோடு போட்டால் ஆயிற்று, டேப் எடுக்க வேண்டியதில்லை. நாலாவது வெட்டு எதற்கென்று எனக்குத் தெரியாது. சின்ன வயசில் கேட்டபோது "போடா, போய்ப் படி" என்று விரட்டியிருக்கிறார். இடது கோடியிலிருந்து இரண்டேகால் அடி. மற்றவற்றைவிட ஆழம்.

நாலு சுற்று, அதாவது ஆறு மில்லிமீட்டர் எடுத்ததும் பெஞ்சு மட்டமாகிவிட்டது. தச்சுக் கணக்கில் இரண்டு நூல். ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல். வஜ்ரச் சட்டி வட்டம் போய்விட்டது, மூன்று வெட்டுகள் போய்விட்டன. எனக்கு மனசே இல்லை. நாலாவது மட்டும் ஒரு நூல் ஆழத்துக்கு மிச்சம் நின்றது. அப்பாடா, ஒன்றாவது தப்பித்ததே என்று மெஷினை நிறுத்தினேன். ஊருக்குத் திரும்பினால் போட்டோ எடுத்து இங்கே போடலாம், 'அப்பாவின் அடையாளம்' என்று நாலு வரி எழுதலாம் என்றெல்லாம் ஓடியது.

அப்பா விளிம்பைத் தடவிக்கொண்டே வந்து அந்த இடத்தில் நின்றார்.

"இது போகலையா?"

"அது இருக்கட்டும்ப்பா. மட்டமாயிடுச்சு, இதுக்கு மேல எடுக்க வேண்டியதில்லை. ஞாபகத்துக்கு இருக்கட்டும்."

"வேண்டாம். எடுத்துரு."

"ஏம்ப்பா? இன்னும் ஒரு நூல் மரம் வீணாகுமே."

அவர் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார். 1975, நான் பிறப்பதற்கு முந்தின வருஷம், மழைக்காலம். லயத்தில் வாந்திபேதி பரவியது. பெட்டி செய்வதும் தச்சன் வேலைதான். பெரியவர்களுக்குச் செய்திருக்கிறார், அதற்கு அளவெடுத்துவிட்டு வருவார். அந்த வாரம் நாலு பெட்டி, நாலும் சின்னது. முதல் பெட்டிக்குப் போய் அளவெடுத்தார். இரண்டாவதற்கும் போனார்.

"மூணாவதுக்குப் போயி அளக்க மனசு வரலை. பெஞ்சுல ஒரு வெட்டுப் போட்டுட்டேன். எல்லாம் அதுக்குள்ள அடங்கிரும்னு."

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? நான் அந்தப் பெஞ்சின் மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியிருக்கிறேன். அந்த வெட்டில் பென்சிலை வைத்து உருட்டி விளையாடியிருக்கிறேன். இருபத்தைந்து வருஷம் அவர் அதன் முன்னால் நின்று வேலை செய்திருக்கிறார். ஊருக்கு வந்த பிறகு பெஞ்சைக் கொட்டகையில் போட்டு, அதன் மேல் சாக்கையும் போட்டு மூடி வைத்தது இடமில்லாமல்தான் என்று நினைத்திருந்தேன்.

"பையன் இதுல வேலை செய்யப் போறான். அவனுக்கு எதுக்கு அது?" என்றார்.

ஐந்தாவது சுற்றை ஆரம்பித்தேன். பாதியில் 'டங்' என்று ஒரு சத்தம், நெருப்புப் பொறி, மெஷின் எகிறியது. நாலாவது ஆணி! தலையில்லாமல் ஆழத்தில் ஒளிந்திருக்கிறது. "நாலுன்னு சொன்னனா இல்லையா?" என்று வேப்ப மரத்தடியிலிருந்து குரல். நல்லவேளையாக அந்தப் பிட்டில் கத்தி முனைகள் தனியாகக் கழற்றி மாட்டுகிற சதுரத் துண்டுகள். ஒரு பக்கம் உடைந்தால் திருப்பி மாட்டிக்கொள்ளலாம், நாலு பக்கமும் கூர். அன்றைக்கு நாலு என்ற எண் என்னை விடவே இல்லை.

ஆறாவது சுற்றும் முடிந்தது. மொத்தம் 270 வரி, ஒன்பது மில்லிமீட்டர். கிட்டத்தட்ட ஆறு கிலோ மரம் தூளாகிக் கணவாய்க் காற்றில் அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் போயிருந்தது. என் முழங்கை இரண்டும் சிவந்து தடித்துவிட்டன. சில்வர் ஓக் சிலருக்குத் தோலில் அரிப்பைக் கொடுக்கும், முழுக்கைச் சட்டை போட்டிருக்க வேண்டும். அம்மா தேங்காய் எண்ணெய் தடவிவிட்டுக்கொண்டே, "உங்கப்பனுக்கும் இப்படித்தான் வரும். எண்ணெய் தடவிட்டுத்தான் அந்த மரத்தையே தொடுவாரு" என்றார். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

மூன்று நூல் என்றால் ஒன்பதரை மில்லிமீட்டர். நான் எடுத்தது ஒன்பது. ஆகவே அந்த வெட்டின் அடி, நகக்கீறல் மாதிரி இன்னும் மிச்சம் இருந்தது. இன்னொரு சுற்றுக்காக மெஷினை இறக்கப்போனேன். அப்பா வேண்டாம் என்று கையைக் காட்டினார். எப்படியும் ரவுட்டர் ஓடின தடம் வரிவரியாகத் தெரியும், கடைசி இழைப்பு கையால்தான். பேரனை இழைப்புளி எடுத்து வரச் சொன்னார். அதே பழைய இழைப்புளி. பையன் அதைத் தீட்டி வைத்திருந்தான்.

அப்பா இரண்டு கையாலும் பிடித்தார். கை நடுங்கியது. பையன் பின்னாலிருந்து அவர் கையின் மேல் கை வைத்துக்கொண்டான். "நான் தள்றேன் அப்புச்சி, நீங்க புடிச்சுக்குங்க." முதல் இழை கரகரவென்று மாட்டியது. "மரம் எந்தப் பக்கம் படுத்திருக்குதுன்னு பாக்காம தள்றே பாரு" என்று திட்டு விழுந்தது. திருப்பிக்கொண்டு வந்தார்கள். இந்தத் தடவை விளிம்போடு நீளமாக ஒரு சுருள் வந்தது. இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. அரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். நான் சும்மா நின்று பார்த்தேன்.

"போயிடுச்சா பாரு" என்றார் என்னிடம்.

கட்டைவிரலை விளிம்பில் வைத்து ஓட்டினேன். இரண்டேகால் அடியில் ஒன்றும் தட்டுப்படவில்லை. "போயிடுச்சுப்பா."

அவரும் ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

நான் போட்டோ எதுவும் எடுக்கவில்லை. அதனால் இந்தப் பதிவில் படம் கிடையாது, மன்னிக்கவும். பையன் போன வாரம் ஒரு படம் அனுப்பியிருந்தான். அந்தப் பெஞ்சில் அவன் செய்த முதல் சாமான், அம்மாவுக்கு ஒரு முக்காலி. ஒரு கால் கொஞ்சம் குட்டை என்று அப்பா சொன்னாராம். எவ்வளவு என்று கேட்டேன். அரை நூலாம்.

பி.கு.: யாராவது பழைய பெஞ்சை மட்டம் செய்யப் போகிறீர்கள் என்றால், தொட்டிக்குச் சட்டத்தை நிறுத்தி வையுங்கள், தண்டவாளத்துக்கு நூல் கட்டிப் பாருங்கள், முழுக்கைச் சட்டை போடுங்கள். ஆணி எத்தனை என்று வீட்டுப் பெரியவர் சொன்னால் நம்புங்கள்.